குதிரைக்குப் போட்ட மருந்து, உங்கள் வாயில் பூண்டு வாடை

"டாக்டர், நேற்று மாலையிலிருந்து வாயெல்லாம் பூண்டு வாடை. நான் பூண்டு தின்று நாலு நாளாகிறது" என்றார், லாயத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண்.

குதிரையின் முழங்கால் வீக்கத்தைப் பார்க்கப் போன நான், முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன். விரலிடுக்கில் மஞ்சள் கறை. வீக்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த டைமெத்தில் சல்பாக்சைடு ஜெல்லை வெறுங்கையால் தேய்த்திருக்கிறார். அதற்குச் சற்று முன், இன்னொரு குதிரையின் புண்ணுக்கு நைட்ரோஃபியூரசோன் களிம்பு போட்ட அதே கை. கழுவவில்லையா என்று கேட்டேன். "கழுவினேன் டாக்டர், எல்லா வேலையும் முடிந்த பிறகு." இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது கை இது.

மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "வெளிப்பூச்சுதானே!" இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. குதிரையின் தோலைத் தாண்டி மூட்டு வரை இறங்கட்டும் என்றுதானே அதைத் தேய்க்கிறீர்கள்? உங்கள் கைக்கு வந்தால் மட்டும் மரியாதையாக வாசலிலேயே நின்றுவிடுமா? நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணிக்காகச் செய்த மருந்து அது. உங்கள் எடை என்ன?

டைமெத்தில் சல்பாக்சைடு தோல் வழியாகச் சில நிமிடங்களில் இரத்தத்துக்குப் போய்விடும். அதில் ஒரு பகுதி டைமெத்தில் சல்பைடாக மாறி மூச்சில் வெளியேறும்; பூண்டு வாடை அதுதான். வாடை தானாகப் போய்விடும். என் கவலை, அந்த மருந்து தனியாகப் போவதில்லை என்பதுதான். தோலில் ஒட்டியிருக்கும் வேறு மருந்தையும் ஈ விரட்டும் திரவத்தையும் உள்ளே கூட்டிக்கொண்டு போகக்கூடியது அது. நைட்ரோஃபியூரசோனோ, ஆய்வக எலிகளில் கட்டிகளை உண்டாக்கிய மருந்து. ஒருநாள் தொட்டதற்காக அந்தப் பெண்ணுக்கு ஏதோ வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அவர் தினமும் தொடுகிறார்.

"எரியவே இல்லையே டாக்டர்" என்பது அடுத்த சமாதானம். பழைய கற்பூரத் தைலமும் டர்பெண்டைனும் எரிந்து எச்சரித்தன. இன்றைய டைக்ளோஃபெனாக் வலிநிவாரணி கிரீமோ ஸ்டீராய்டு களிம்போ உங்களிடம் ஒன்றும் சொல்லாது. வலிமாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களும் அதனால் மூச்சிரைப்பு வருபவர்களும் டைக்ளோஃபெனாக்கைத் தொடவே வேண்டாம்; வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். கண்ணுக்குப் போடும் குளோராம்ஃபெனிகால் களிம்பு இன்னொரு வகை. மிக அரிதாக, எலும்பு மஜ்ஜை இரத்தம் உண்டாக்குவதையே அது நிறுத்திவிடும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பூச்சு அல்ல என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். பெண் குதிரைகளின் பருவத்தைக் கட்டுப்படுத்த வாய்வழி கொடுக்கும் அல்ட்ரெனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் திரவம் சிந்தினால் கைத்தோல் வழியே ஏறும். மாதவிடாய் குழம்பும். கர்ப்பிணிகள் அந்தப் பாட்டிலின் பக்கமே போக வேண்டாம், தயவுசெய்து. மற்றவர்களுக்கும் லேடெக்ஸ் கையுறை போதாது, மருந்து அதனூடே ஊடுருவும். நைட்ரைல் அல்லது வினைல் போடுங்கள்.

மற்ற மருந்துகளுக்கும் கையுறை போடுங்கள். ஒரு மருந்துக்கு ஒரு ஜோடி. கழற்றியதை உதறிக் காயவைத்து மறுநாள் மாட்டுவது சிக்கனம் இல்லை, பைத்தியக்காரத்தனம். டைமெத்தில் சல்பாக்சைடு மெல்லிய கையுறையையும் கடந்துவிடும் என்பதால் அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தேய்க்காதீர்கள். தினமும் கையாள்பவர்கள் பியூட்டைல் ரப்பர் கையுறை வாங்கிக்கொள்ளலாம். பூசும் முன் குதிரையின் தோலும் உங்கள் கையும் சுத்தமாக இருக்கட்டும். கழற்றும்போது உட்புறம் வெளியே வருமாறு உருட்டிக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வேலை முடியும் வரை காத்திராமல் உடனே. ஸ்பிரே அடிக்கும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். மருந்து பூசிய குதிரையின் காலைக் குழந்தை தடவ வேண்டாம், நாய் நக்க வேண்டாம். கையில் வெடிப்போ கீறலோ இருந்தால் அன்றைக்கு வேறொருவர் பூசட்டும்.

லாய உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை: கையுறைப் பெட்டி உங்கள் அலுவலக அலமாரியில் பூட்டியிருந்தால் வேலையாள் வெறுங்கையால்தான் பூசுவார். மருந்து இருக்கும் இடத்திலேயே அதையும் வையுங்கள்.

போன வாரம் மறுபடி போனேன். முழங்கால் வற்றியிருந்தது. அந்தப் பெண் இரண்டு கையிலும் புதுக் கையுறை மாட்டி, சொன்ன அளவில் ஜெல்லை எடுத்து, அழகாகப் பூசி முடித்தார். எனக்கு மனம் குளிர்ந்தது. பிறகு அதே கையுறை விரலால் மூக்கைச் சொறிந்துகொண்டே, "சரிதானே டாக்டர்?" என்றார்.