எஃப்டி போட வந்தவரிடம் எடை எவ்வளவு என்று ஏன் கேட்டார்கள்?

போன மாதம் கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், என் மைத்துனருக்குத் தெரிந்தவர். மஞ்சள் பையிலிருந்து ஒரு கெட்டிக் கவரை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஸ்பீடு போஸ்டில் வந்தது. பிரிக்கவே இல்லை. நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமப் பொட்டு.

"எஃப்டி பத்திரம்னு சொன்னாங்க தம்பி. சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தோம். இப்ப ரெண்டாவது தவணை ரெண்டு லட்சம் கட்டுன்னு மெசேஜ் வருது. எஃப்டிக்கு யாராச்சும் வருஷா வருஷம் கட்டுவாங்களா?"

கவரைப் பிரித்தேன். ஆயுள் காப்பீட்டு பாலிசி. வருடம் 2 லட்சம் வீதம் 10 வருடம் கட்ட வேண்டும், முதிர்வு 15 வருடம் கழித்து. பாலிசி போட்டபோது அவருக்கு 68. முதிர்வுத் தொகை வரும்போது 83. அந்த வயதுக்காரருக்கு இந்த பாலிசி கிடைக்காது என்பதால் காப்பீடு மகன் பெயரில். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். படிவத்தில் அவர் 'சொந்தத் தொழில், ஆண்டு வருமானம் 12 லட்சம்'. மகனுக்கு இது தெரியுமா என்றேன். "அவன் போனுக்கு ஏதோ நம்பர் வந்துச்சு. நான்தான் கேட்டு வாங்கி பேங்க்ல சொன்னேன்." ஓடிபி. அது மகனின் கையெழுத்துக்குச் சமம் என்று அப்பாவுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது.

இந்த வருடம் என்னிடம் இப்படி வந்தவர்களில் இவர் ஏழாவது ஆள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் ஆலோசனை சொல்வதுதான் என் பிழைப்பு. 2000-இல் தனியாருக்குக் காப்பீட்டுத் துறை திறந்துவிடப்பட்ட சில வருடங்களில் இந்த வேலைக்கு வந்தேன். வங்கிக் கிளைகள் வழியாகக் காப்பீடு விற்பது எப்படி, ஒரு கிளைக்கு மாதம் எத்தனை பாலிசி என்றெல்லாம் வண்ண வண்ணமாக ஸ்லைடு போட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு பயிற்சிக் குறிப்பில் 'இன்சூரன்ஸ் என்ற சொல்லை முதலில் எடுக்காதீர்கள், திட்டம் என்று சொல்லுங்கள்' என்று இருந்ததைப் பார்த்தேன். அதை நான் அடித்து நீக்கவில்லை. ஆக, இந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "பேங்க்லதானே சார் போட்டேன்." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நீங்கள் வங்கியில் போடவில்லை. வங்கிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து வேறொரு கம்பெனியிடம் கொடுத்தீர்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை வங்கி ஒரு ஏஜென்ட், அவ்வளவுதான். தெருமுனையில் ஸ்கூட்டரில் வரும் ஏஜென்டுக்கும் அதற்கும் வித்தியாசம் ஏசி மட்டும். 2022-லிருந்து ஒரு வங்கி ஒன்பது ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் வரை ஒப்பந்தம் வைத்து விற்கலாம். கமிஷன் வங்கிக்கு வரும், பணம் கம்பெனிக்குப் போகும், பாலிசியில் உள்ள ஒவ்வொரு வாக்குறுதிக்கும் கம்பெனிதான் பொறுப்பு. வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பு உண்டு என்கிறார்களே, அது இந்தப் பணத்துக்குப் பொருந்தாது. ஏனென்றால் இது டெபாசிட்டே இல்லை. உங்களுக்கு விற்ற மேனேஜர் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அடுத்து வருபவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இது எங்களுது இல்ல சார், கம்பெனில கேளுங்க" என்பார். அவர் சொல்வது முழுக்க உண்மை. முன்னவர் அதைச் சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை.

அந்த மேனேஜரையும் வில்லனாக்க எனக்கு மனமில்லை. காலையில் கடன் வசூல், மதியம் ஆதார் திருத்தம், சாயந்திரம் மண்டல அலுவலகத்திலிருந்து 'இன்று எத்தனை பாலிசி' என்று போன். 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே வங்கிகள் பொருந்தாத காப்பீட்டைத் தலையில் கட்டுவதைப் பற்றி மேடையில் குறைப்பட்டுக்கொண்டார். டார்கெட் மட்டும் கரையவில்லை.

அப்புறம் அந்தக் கணக்கு. '20 லட்சம் கட்டினால் 36 லட்சம். 80 சதவீதம் லாபம், பத்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 8' என்று பெரியவருக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தார். கணக்கு தப்பு. முதல் 2 லட்சம் 15 வருடம் கிடக்கிறது, கடைசி 2 லட்சம் 6 வருடம் கிடக்கிறது. முறையாகப் போட்டுப் பார்த்தால் கூட்டு வட்டி ஐந்தரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதே கிளையின் வாசல் பலகையில் மூத்த குடிமக்களுக்கான எஃப்டி வட்டி அதைவிட அதிகமாக எழுதியிருந்தது. அதைப் போடத்தான் அவர் போனார்.

எஃப்டியா பாலிசியா என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். எஃப்டி போட உங்கள் உயரம், எடை, சர்க்கரை, பிரஷர் எதையும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் எழுந்துவிடுங்கள். மகன் பெயரிலோ பேரன் பெயரிலோ போடலாம் என்றால், ஏன் என்று கேளுங்கள். மூத்த குடிமக்களாக இருந்தால் 'வட்டியில் வரி பிடிக்காமலிருக்க எந்தப் படிவம் தர வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் மழுப்பினால் அது எஃப்டி இல்லை. லாக்கர் வேண்டுமானால் பாலிசி போடு, வீட்டுக் கடன் வேண்டுமானால் இந்தக் கம்பெனி பாலிசிதான் என்று கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை கிடையாது. எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அடங்கிவிடும்.

பாலிசி தருவதற்கு முன் கம்பெனியிலிருந்து ஒரு போன் வரும். எல்லாம் புரிந்ததா, வருடா வருடம் கட்ட வேண்டும் என்று தெரியுமா என்று கேட்பார்கள். "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க ஐயா, அப்பதான் சீக்கிரம் பத்திரம் வரும்" என்று பெரியவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவரும் சமர்த்தாகச் சொல்லிவிட்டார். அந்தப் பதிவைத்தான் நாளைக்கு அவருக்கு எதிராகவே ஒலிக்கவிடுவார்கள். தயவுசெய்து, புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் விட, கவரைப் பிரியுங்கள்! மஞ்சள் குங்குமம் அப்புறம் வைக்கலாம். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அதுவரையிலான காப்புக்குரிய தொகை போக மீதி திரும்ப வரும். எல்லா ஆயுள் பாலிசிக்கும் 30 நாள் என்று 2024 ஏப்ரலில்தான் விதி வந்தது. அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 15. பெரியவரின் கவர் சாமி படத்துக்குப் பின்னால் பதினொரு மாதம் இருந்தது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவின் பிஎஃப், கிராஜுவிட்டி பணம் கணக்கில் விழுந்த வாரம்தான் கிளையிலிருந்து "காபி சாப்பிட வாங்க ஐயா" என்று கூப்பிடுவார்கள். அந்த வாரம் ஊருக்குப் போங்கள். முடியாவிட்டால், ஓடிபி கேட்டு அப்பா போன் செய்யும்போது எதற்கு என்றாவது கேளுங்கள்.

30 நாள் தாண்டிவிட்டால் வழியே இல்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். முதலில் காப்பீட்டுக் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், வங்கிக்கு ஒரு நகல். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் நடுவரான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். நமக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பெரியவருக்காகக் கம்பெனிக்கு எழுதினோம். 'வாடிக்கையாளர் சம்மதத்துடன்தான் வழங்கப்பட்டது' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இப்போது ஆம்பட்ஸ்மேனுக்கு மனு தயார். மகனின் சம்பளச் சீட்டு, அந்தத் துண்டுச் சீட்டு இரண்டையும் இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும்போது பெரியவர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"இதனால அந்த பேங்க் பொண்ணுக்கு வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே தம்பி? நல்ல பொண்ணு. எனக்கு பாஸ்புக் எல்லாம் பிரின்ட் போட்டுத் தரும்."