வேக்யூமுக்குத் தமிழ் ‘தூர்வாரல்’

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 18ஆம் பதிப்பு 2025 செப்டம்பரில் வந்தது. அதில் என்ன புதுசு என்று தமிழில் சொல்லும் குறிப்பு எதைப் பிரித்தாலும் அதன் ‘வேக்யூம்’ என்ற பராமரிப்பு வேலைக்கு ‘வெற்றிடமாக்கல்’ என்ற சொல் கண்ணில் குத்துகிறது. ‘தானியங்கி வெற்றிடமாக்கலில் மேம்பாடுகள்’ என்று தலைப்பே போடுகிறார்கள். பாளையங்கோட்டையில் எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, “அண்ணாச்சி, இது தானா ஓடி டேபிளைக் காலி பண்ணிருமா?” என்று பதறிக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. வெற்றிடமாக்கு என்றால் தமிழில் காலி செய் என்றுதான் பொருள். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேக்யூம் லத்தீன் சொல். வெறுமையானது என்று பொருள். இயற்பியலில் அதை வெற்றிடம் என்பது சரி, அதில் சண்டை இல்லை. 1901இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் காற்றை உறிஞ்சித் தூசியை இழுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வேக்யூம் கிளீனர் வீடுகளுக்குள் வந்த பிறகு, ஆங்கிலத்தில் வேக்யூம் என்பதே ‘உறிஞ்சிச் சுத்தம் செய்’ என்ற வினையாகிவிட்டது. தரவுத்தளத்துக்கு வந்து சேர்ந்தது இந்தப் பிந்திய பொருள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் போஸ்ட்கிரெஸைத் தொடங்கிய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1987இல் அதன் சேமிப்பு அமைப்பை விளக்கியபோது, பழைய பதிவுகளை வட்டிலிருந்து எடுத்து ஆவணக் கிடங்குக்குக் கொண்டுபோகும் பின்னணி வேலைக்கு ‘வேக்யூம் கிளீனர்’ என்று முழுப் பெயரையே சொன்னார். கிளீனர் பிறகு உதிர்ந்துபோனது. மிச்சமிருந்த பாதியைப் பிடித்துக்கொண்டு இயற்பியல் அகராதியைத் திறந்தால் வெற்றிடம்தான் கிடைக்கும்.

சரி, அது உண்மையில் செய்வது என்ன? போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி உடனே அழிவதில்லை. புது வரி எழுதப்படும். பழையது அங்கேயே கிடக்கும். அதற்கு முன்பே தொடங்கி இன்னும் முடியாத வேறொரு பரிவர்த்தனை (ஒரே வேலையாக ஓடும் கட்டளைத் தொகுதி) அதைப் பார்க்க வேண்டியிருக்கலாம் அல்லவா? பார்க்க வேண்டியவர் யாரும் மிச்சமில்லை என்றானதும் அது செத்த வரி. செத்த வரிகள் சேரச் சேர அட்டவணை உப்பிக்கொண்டே போகும். வேக்யூம் அவற்றையும், இன்டெக்ஸில் (வரிகளைச் சட்டென்று தேடிப்பிடிக்க உதவும் பட்டியல்) அவற்றைச் சுட்டும் பதிவுகளையும் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் புது வரிகள் உட்காரலாம் என்று குறித்துவைக்கிறது. உயிரோடிருக்கும் வரி ஒன்றைக்கூட அது நீக்குவதில்லை. பெரும்பாலும் கோப்பின் அளவும் குறைவதில்லை. அதே கோப்பு மறுபடி கொள்ளத் தொடங்குகிறது.

இதற்குத் திருநெல்வேலிச் சீமையில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. பிசான அறுப்பு முடிந்து, கார் சாகுபடிக்குத் தண்ணீர் வரும் முன், கோடையில் வற்றிக் கிடக்கும் குளத்தில் செய்யும் வேலை இதுதான்: தூர்வாரல். தூர்தல் என்றால் நிரம்பி அடைபடுவது. தூர்ந்துபோன கிணறு என்று இன்றும் சொல்கிறோம். வாருதல் என்றால் அள்ளுதல். தூர்வாரிய குளத்தின் கரை நகர்வதில்லை, பரப்பு மாறுவதில்லை, கொள்ளளவு மட்டும் திரும்பி வருகிறது. வேக்யூம் செய்வதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியுமா?

‘துப்புரவு’ போதுமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. வெற்றிடமாக்கலோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல், யாரையும் பயமுறுத்தாது. ஆனால் துப்புரவு குப்பையை அகற்றுவது. செத்த வரி குப்பையாகப் பிறந்ததில்லை. சற்று முன்வரை அதுதான் சரியான கணக்கு. குளத்து வண்டலும் அப்படித்தான். நம் ஊரில் அதைக் கரம்பை என்று வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார்கள். ஸ்டோன்பிரேக்கரின் முதல் வடிவமைப்பிலும் பழைய வரிகள் வீசப்படவில்லை, கிடங்குக்குத்தான் போயின. அப்புறம், துப்புரவு முடிந்தால் இடம் சுத்தமாக இருக்கும் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. நிர்வாகி கேட்பது சுத்தத்தை அல்ல, கொள்ளளவை. ‘வெற்றிடத் துப்புரவு’, ‘தூசுறிஞ்சல்’ என்று இயந்திரத்தை அப்படியே தமிழில் இறக்கியவர்களைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. தரவுத்தளத்தில் தூசியும் கிடையாது, உறிஞ்சலும் கிடையாது.

தூர்வார வேண்டுமென்றால் குளம் வற்ற வேண்டும், வேக்யூமோ மக்கள் படித்து எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓடும் என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். ஆனால் கலைச்சொல் ஒரு வேலையின் எல்லா அம்சத்தையும் சுமக்க வேண்டியதில்லை. எதிர்ப்பொருள் தராமல் இருந்தால் போதும். வெற்றிடமாக்கல் அதைத்தான் தருகிறது. அட்டவணையை நிஜமாகவே காலி செய்யும் கட்டளை ட்ரங்கேட். இரண்டையும் தமிழில் குழப்பி வைத்தால் தரவை இழப்பது யார்?

சொல்லை மாற்றிப் போட்டுப் புதிய வசதிகளைப் படித்துப் பாருங்கள், பாதி விளக்கம் தேவைப்படாது. தானே தூர்வாரும் வேலை எப்போது தொடங்கும்? இயல்பான அமைப்பில், 50 வரிகளோடு அட்டவணையின் 20 சதவீதமும் சேர்ந்த அளவுக்குச் செத்த வரிகள் தேங்க வேண்டும். 100 கோடி வரி உள்ள அட்டவணையில் முன்பு 20 கோடி செத்த பிறகுதான் வேலை தொடங்கும். 18ஆம் பதிப்பு இதற்கு உச்சவரம்பு வைத்துவிட்டது, இயல்பாக 10 கோடி. யாரும் பெரிதாகப் பேசாத மாற்றம். பெரிய அட்டவணை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ளது அந்தப் பதிப்பில் குறைவு. தூர்வாரும் ‘வேலையாட்களின்’ (பின்னணியில் ஓடும் செயல்முறைகளின்) எண்ணிக்கையை, முன்பே ஒதுக்கிவைத்த உச்ச எண்ணிக்கைக்குள், சர்வரை நிறுத்தித் தொடங்காமலே இப்போது கூட்டலாம். ஒவ்வொரு அட்டவணையிலும் தூர்வார மொத்தம் எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்பதும் புள்ளிவிவரப் பட்டியலில் தெரிகிறது. அதற்கு முந்தைய 17ஆம் பதிப்பில், செத்த வரிகளின் முகவரிகளை நினைவகத்தில் வைக்கும் முறையே மாறியது. முன்பு முகவரிக்கு 6 பைட், மொத்தம் 1 ஜிபிக்கு மேல் ஏறாது. நிரம்பினால் எல்லா இன்டெக்ஸையும் மறுபடி ஒரு சுற்று பார்க்க வேண்டும். இப்போது அந்த வரம்பு போய்விட்டது, நினைவகச் செலவும் 20 மடங்கு வரை குறையலாம்.

இந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. பழைய வரிகளை ஃப்ரீஸ் செய்வதை ‘முடக்கம்’ என்று எழுதுகிறார்கள். வங்கிக் கணக்கு முடக்கம் என்ற செய்தியிலிருந்து எடுத்திருப்பார்கள் போலும். ஃப்ரீஸ் ஆன வரியை யாரும் முடக்கவில்லை. எல்லோருக்கும் தெரியலாம் என்ற அளவுக்குப் பழசாகிவிட்டது என்று முத்திரை குத்துகிறார்கள், அவ்வளவுதான். அதைத் தாராளமாகத் திருத்தலாம், அழிக்கலாம். ‘உறைவு’ என்றால் போதும். தூர்வாரி முடித்ததும் கோப்பின் வால்பகுதியில் காலியாகக் கிடக்கும் பக்கங்களை இயங்குதளத்துக்குத் திருப்பித் தரும் செயலுக்கும் ட்ரங்கேட் என்றே பெயர். அதற்காக அட்டவணையைச் சற்று நேரம் பூட்ட வேண்டியிருப்பதால், சர்வர் முழுவதற்கும் அதை நிறுத்திவைக்க 18இல் ஒரு செட்டிங் வந்திருக்கிறது. இதையும் அட்டவணையைக் காலி செய்யும் கட்டளையையும் ‘துண்டிப்பு’ என்ற ஒரே சொல்லால் எழுதுவது பொறுப்பில்லாத வேலை. இதை ‘வால் நறுக்கல்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

வேக்யூம் ஃபுல் என்பதை மட்டும் ‘முழுத் தூர்வாரல்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அது அட்டவணையைப் பூட்டி, உயிருள்ள வரிகளைப் புதுக் கோப்பில் எழுதி, பழைய கோப்பைக் கழிக்கிறது. அது ஓடும் வரை யாரும் அந்த அட்டவணையைப் படிக்கக்கூட முடியாது. அதற்கு ‘மறுகட்டு’ என்பதே பொருந்தும். கட்டளையாகத் தட்டச்சு செய்யும்போது வேக்யூம் வேக்யூமாகவே இருக்கட்டும். பாடக்குறிப்பிலும் கையேட்டிலும் விளக்கம் எழுதுகிறவர்கள் தூர்வாரல் என்று எழுதட்டும்.