நியூஸ்ரீல் – செய்திச்சுருள்

“படம் இன்னும் போடல, நியூஸ்ரீல்தான் ஓடுது.” கொட்டகை இருட்டில் தட்டுத்தடுமாறி இருக்கை தேடிய தலைமுறைக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் விமானப் படிக்கட்டில் இறங்குவார், நேரு கைகுலுக்குவார், எங்கோ ஓர் அணை திறக்கப்படும், எங்கோ வெள்ளம் வரும். அதன் பிறகுதான் படம்.

அந்தச் சுருள்கள் இப்போது கைப்பேசிக்கே வந்துவிட்டன. 2014இல், பழைய செய்திச்சுருள்களை வைத்திருக்கும் பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 85,000 படங்களை யூடியூபில் ஏற்றியது. இந்தியாவுக்கு வந்துபோன அரசர்கள், தூதுக்குழுக்கள், போர்க்காலத் தலைவர்கள் எல்லாரும் அந்தக் குவியலில் இருக்கிறார்கள். பகிர்கிறவர்கள் ‘அரிய வீடியோ’ என்கிறார்கள், ‘ஆவணப்படம்’ என்கிறார்கள். இரண்டும் தவறு. இது வேறொரு பண்டம். அதற்கென்று தனிச் சொல் இருக்கிறது.

முதலில் ‘ரீல்’. ஆங்கிலத்தில் இது நெசவு வீட்டுச் சொல். நூலைச் சுற்றிவைக்கும் கருவிக்குப் பெயராக இருந்தது. நம் தையற்கடைகளில் இன்றும் நூல்கண்டை ரீல் என்றுதான் கேட்டு வாங்குகிறோம்; அதுதான் சொல்லின் பழைய பொருள். சினிமா வந்ததும் பிலிம் சுற்றும் வட்டுக்கு அந்தப் பெயர் போனது, பிறகு அதில் சுற்றிய பிலிமுக்கே ஆகிவந்தது. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் (பிரேம்கள்). பேசும்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் என்பதால் நிமிடத்துக்கு 90 அடி. ஒரு ரீல் என்பது வழக்கமாக 1,000 அடி, அதாவது பதினொரு நிமிடம். அந்த ஒரு ரீலுக்குள் அடங்கும்படி வெட்டி ஒட்டிய செய்தித்தொகுப்புதான் நியூஸ்ரீல். நீளத்தை அடியில் அளக்கும் இந்தப் பழக்கத்திலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘புட்டேஜ்’ என்ற சொல்லும் பிறந்தது. நம் சினிமாக்காரர்களும் ‘பதினாறாயிரம் அடி படம்’ என்று பேசியவர்கள்தாம்.

தொழிலாக இதைத் தொடங்கியவர்கள் பிரான்சின் பாத்தே நிறுவனத்தார். 1910இல் அதன் பிரிட்டிஷ் பதிப்பு வந்தபோது அதற்கு வைத்த பெயரில் ‘கெஜட்’ என்ற சொல் இருந்தது. அசையும் செய்தித்தாள் என்றே அதை நினைத்தார்கள். ஒலி வந்த பிறகு மூவிடோன், காமான்ட் என்று போட்டி நிறுவனங்கள் பெருகின. கெஜட் வந்த அடுத்த ஆண்டே, 1911 டிசம்பரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் முடிசூட்டைக் கொண்டாடிய டெல்லி தர்பாருக்கு வந்தார். கேமராக்கள் கூட்டமாக வந்து சேர்ந்த முதல் பெரிய இந்திய நிகழ்ச்சிகளில் அது ஒன்று. இந்திய வருகைப் படங்களின் இலக்கணம் அங்கேயே உருவாகிவிட்டது: வருகை, வரவேற்பு, அணிவகுப்பு, கூட்டம்.

இந்த இலக்கணம் தெரியாமல் செய்திச்சுருளைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 1942 பிப்ரவரியை எடுத்துக்கொள்வோம். சீனத் தலைவர் சியாங் கை ஷேக் மனைவியோடு இந்தியா வந்தார். அவர் இங்கே இருக்கும்போதே, பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மூன்று நாள் கழித்து கல்கத்தாவில் அவர் காந்தியைச் சந்தித்தார். காந்தியின் ஆசிரமம் இருந்த வார்தாவுக்கே போய்ப் பார்ப்பதை பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் விரும்பவில்லை. அதனால்தான் இடம் கல்கத்தாவானது. கிளம்பும்போது, இந்தியர்களுக்கு உண்மையான அரசியல் அதிகாரத்தைக் கொடுங்கள் என்று பிரிட்டனைக் கேட்டுக்கொண்டார் சியாங். செய்திச்சுருளில் நாம் பார்ப்பது கைகுலுக்கலும் புன்னகையும். சர்ச்சிலின் எரிச்சல் எந்தச் சட்டத்திலும் பதியாது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் இந்தியத் தலைவர்களோடு பேச வந்தார், ஏப்ரலில் வெறுங்கையோடு திரும்பினார். பேச்சு எந்த இடத்தில் முறிந்தது என்று சுருளில் தேடிப் பயனில்லை.

ஒலியையும் கவனிக்க வேண்டும். களத்தில் பெரும்பாலும் ஒலியில்லாமல்தான் படம் எடுத்தார்கள். இசையும் வர்ணனையும் பிறகு வெட்டுமேசையில் சேர்ந்தவை. கூட்டத்தின் ஆரவாரம்கூடப் பல நேரங்களில் வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதாக இருக்கும். போர்க்காலத்தில் இதன் மேல் தணிக்கையும் சேர்ந்தது. ஆகவே படம் இந்தியாவுடையது, குரல் லண்டனுடையது. இதை மறந்துவிட்டு அந்தக் குரலையே வரலாறாக மொழிபெயர்க்கும் தமிழ்ப் பதிவுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இந்திய அரசும் 1943இல் ‘இந்தியன் நியூஸ் பரேட்’ என்ற வாரச் சுருளைத் தொடங்கியது. போர்ப் பிரசாரம்தான் நோக்கம், தமிழிலும் வந்தது. அரசு அங்கீகரித்த படங்களைக் கொட்டகைகள் காட்டியே தீரவேண்டும் என்பது சட்டம். 1946இல் அந்த அமைப்பை மூடிவிட்டார்கள். விளைவு, 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவைப் படமெடுக்க அரசிடம் சொந்தச் செய்திப்பிரிவு இல்லை. நாம் திரும்பத் திரும்பப் பார்க்கும் அந்தக் காட்சிகள் வெளிநாட்டு நிறுவனங்களும் தனிப்பட்ட ஒளிப்பதிவாளர்களும் எடுத்தவை. 1948இல்தான் அரசின் படப்பிரிவான பிலிம்ஸ் டிவிஷன் வந்தது. 1955இல் சோவியத் தலைவர்கள் குருஷேவும் புல்கானினும், 1959இல் அமெரிக்க அதிபர் ஐசனோவரும், 1961இல் எலிசபெத் ராணியும் வந்தபோது நம் கேமராவும் களத்தில் இருந்தது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன: செய்திப்படம், செய்திச்சுருள். முன்னது எளிது, பழகியது. ஆனால் பத்திரிகையில் வரும் புகைப்படத்தையும் அப்படியே சொல்கிறோம், அதனால் குழப்பம். செய்திச்சுருளே என் தேர்வு. சுருள் என்பது வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. ஓலைச்சுருளில் செய்தி அனுப்பிய மொழி இது. சுருளைப் பிரித்தால் சேதி என்பது நமக்குப் பழைய அனுபவம். (தென்மாவட்டங்களில் கல்யாண வீட்டில் ‘சுருள்’ என்றால் பணம் வைத்துக் கொடுக்கும் வெற்றிலை. அங்கே சொன்னால் முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.) ‘செய்தி’ இன்னும் ஆழமானது. செய் என்ற வினையடியில் பிறந்தது. ‘செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்’ என்கிறது புறநானூறு 34ஆம் பாட்டு. அங்கே செய்தி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நன்மை. செயலைக் குறித்த சொல், பின்னால் செயலைப் பற்றிய தகவலுக்கு ஆகிவந்திருக்கிறது.

ஆவணப்படம் என்பது வேறு. ஒருவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு தம் பார்வையில் கட்டுவது அது. செய்திச்சுருள் அதற்கு மூலப்பொருளாகலாம். இதற்குத் தமிழரிடமே நல்ல சான்று உண்டு. பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படத்துக்காக நாடு நாடாக அலைந்து, பலர் வெவ்வேறு காலத்தில் எடுத்த 50,000 அடிப் படத்தைத் திரட்டினார். பேசும்பட வேகத்தில் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரும். அதிலிருந்து தேர்ந்து அவர் கட்டி 1940இல் வெளியிட்டது ஆவணப்படம். அவர் தேடித் திரட்டியவற்றில் செய்திச்சுருள்கள் உண்டு.

வெட்டாத, வர்ணனை சேராத துண்டுகளைப் படத்துண்டு என்றோ மூலப்பதிவு என்றோ சொல்லலாம். காப்பகத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் ‘காப்பகச் செய்திச்சுருள்’. பகிரும்போது இப்படி எழுதினால் போதும்: ‘சியாங் கை ஷேக் இந்திய வருகை, 1942 பிப்ரவரி. பிரிட்டிஷ் செய்திச்சுருள். ஆங்கில வர்ணனை பின்னர் சேர்த்தது.’