தினமும் தலைக்குக் குளித்தால் எண்ணெய் இன்னும் கூடுமா?

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலையில் ஷாம்பு போட்டுக் குளித்தால் சாயங்காலமே தலை பிசுபிசுக்கிறது. தினமும் ஷாம்பு போடுவதால்தான் இப்படி, நீ எடுக்க எடுக்க அது சுரந்துகொண்டே இருக்கும், வாரம் ஒரு நாள் மட்டும் குளி, தலை பழகிக்கொள்ளும் என்று தோழிகள் சொல்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்து பார்த்தேன். அரிப்புதான் மிச்சம். ஏன் பழகவில்லை?"

பழகாது. அந்தச் சுரப்பி நீங்கள் குளித்தீர்களா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. ஏன் என்பதற்கான காரணம் அருமையானது, உடம்பில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலைகளில் ஒன்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கவாட்டிலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும், பள்ளிப் பாடப் புத்தகத்தில் தோலின் குறுக்குவெட்டுப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது வெளியே விடும் எண்ணெய்க்கு சீபம் என்று பெயர். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்தச் சுரப்பி கிடையாது. உச்சந்தலை, நெற்றி, மூக்கு ஆகிய இடங்களில்தான் கூட்டம்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை.

இனிமேல்தான் விஷயம். வியர்வைச் சுரப்பியில் செல்கள் உயிரோடு இருந்துகொண்டே வியர்வையை வெளியே தள்ளுகின்றன, உமிழ்நீர்ச் சுரப்பியும் அப்படித்தான். எண்ணெய்ச் சுரப்பியில் அப்படி நடப்பதில்லை. அதன் வெளி ஓரத்தில் சின்னச் சின்ன செல்கள் ஒரே வரிசையாக உட்கார்ந்து பிரிந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பிறந்த செல் சுரப்பியின் நடுப்பகுதியை நோக்கி நகரத் தொடங்கும், நகர நகர உள்ளே கொழுப்புத் துளிகளைச் சேர்க்கும், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகப் பெருக செல் ஊதிக்கொண்டே போய் தன் பழைய அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேல் பெருத்துவிடும். நடுவில் இருந்த உட்கரு நாலாபக்கமும் கொழுப்பு அமுக்குவதால் சுருங்கி நசுங்கிப் போகும். கடைசிக் கட்டத்தில் செல் தன் டி.என்.ஏ.வைத் தானே துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடும். அப்புறம் சவ்வு கிழியும், உள்ளே இருந்த அத்தனையும் மயிர்க்கால் குழாய்க்குள் கொட்டிவிடும். அந்த செல்லின் கதை அதோடு முடிந்தது. ஆக, உங்கள் வகிட்டில் மினுங்குகிற எண்ணெயை எந்த செல்லும் சுரந்து தரவில்லை, செத்து உடைந்த செல்லே அதுதான்.

நம் உடம்பில் இப்படித் தன்னையே சரக்காக்கிக்கொள்ளும் சுரப்பிகள் மிகக் குறைவு. இமை ஓரத்தில் இருக்கும் மைபோமியன் சுரப்பி இதே குடும்பத்தைச் சேர்ந்தது, கண்ணீர் சட்டென்று ஆவியாகாமல் காப்பது அதன் எண்ணெய்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு செல் பிறந்து, பெருத்து, உடைய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. இன்று தலையில் வந்து நிற்கும் எண்ணெய்க்கான ஏற்பாடு இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. இன்று காலை நீங்கள் ஷாம்பு போட்டதற்குக் கோபித்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் கூடுதல் எண்ணெய் தயாரிக்க அந்தச் சுரப்பியால் முடியவே முடியாது.

அப்படியானால் சாயங்காலம் வந்தது எங்கிருந்து? மயிர்க்கால் குழாயில் ஏற்கெனவே தேங்கி நிற்கும் பழைய இருப்பு அது. மேற்பரப்பைத் துடைத்ததும் உள்ளே நின்றது மெல்ல மேலேறிப் பரவுகிறது, நெற்றியில் சில மணி நேரத்திலேயே பழைய அளவுக்கு வந்துவிடும். சொட்டு சொட்டாக ஒழுகும் குழாய்க்குக் கீழே தரையைத் துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் குழாய் அதே வேகத்தில்தான் சொட்டும், துடைத்த தரையில் முதல் சொட்டு பளிச்சென்று தெரியும் என்பது மட்டுமே வித்தியாசம். தலையிலும் அதேதான். கழுவாமல் விட்டால் சுரப்பு குறைவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் எண்ணெய் முடி நெடுக ஏறிப் பரவி, தலையணை உறையிலும் துண்டிலும் சீப்பிலும் ஒட்டிக்கொண்டு போவதுதான். முடி நேராகவும் மெல்லிசாகவும் இருந்தால் இந்த ஏற்றம் வேகமாக நடக்கும். சுருட்டை முடிக்காரர்களுக்கு எண்ணெய் நுனிவரை போய்ச் சேர்வதே பெரும்பாடு, அதனால் அவர்களுக்கு வேர் பிசுபிசுப்பாகவும் நுனி வறண்டும் இருக்கும்.

"எடுக்க எடுக்கச் சுரக்கும்" என்ற கருத்து ஒன்றும் புதிதல்ல. ஒரு காலத்தில் மருத்துவர்களே அதை நம்பினார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஆல்பர்ட் கிளிக்மனும் வால்டர் ஷெல்லியும் 1958-இல் இந்தச் சுரப்பியைப் பற்றி நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். மேலே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் சுரப்பி தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. இதே கிளிக்மன்தான் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளை வைத்து ஆண்டுக்கணக்காகத் தோல் பரிசோதனைகள் நடத்தியவர், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தோல் அறிவியலில் நாம் இன்று சாதாரணமாகப் பயன்படுத்தும் பல விஷயங்களுக்குப் பின்னால் இப்படி அசிங்கமான வரலாறு இருக்கிறது. கண்டுபிடிப்பு சரியாக இருந்தால் வந்த வழியும் சரியாகிவிடாது.

எண்ணெயை அளந்த விதம் கொஞ்சம் வேடிக்கையானது. நெற்றியை நன்றாகத் துடைத்துவிட்டு, சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தை அடுக்கி வைத்து, மேலே ஒரு பட்டியைக் கட்டி, மூன்று மணி நேரம் ஆளைச் சும்மா உட்காரவைப்பார்கள். பிறகு காகிதம் உறிஞ்சியதைக் கரைத்தெடுத்து எடை போடுவார்கள். பெரியவர்களுக்குச் சராசரியாக 10 சதுர சென்டிமீட்டருக்கு மூன்று மணி நேரத்தில் ஒரு மில்லிகிராம். ஒன்றரையைத் தாண்டினால் எண்ணெய்ப் பசை அதிகம் உள்ளவர். வீட்டில் எடை போட வேண்டாம், மெல்லிய டிஷ்யூ காகிதத்தை வகிட்டில் அழுத்தி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். குளித்த ஒரு மணி நேரத்தில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று எடுத்து வரிசையாக வைத்தால், எத்தனை மணி நேரத்தில் நிரம்புகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

குளியல் கட்டளையிடவில்லை என்றால் வேறு யார்? ஹார்மோன்தான், குறிப்பாக ஆண்ட்ரோஜன்கள் எனப்படும் ஆண் ஹார்மோன்கள். இவை பெண்கள் உடம்பிலும் உண்டு. பிறந்த குழந்தையின் தலையில் எண்ணெய்ப் பசையோடு மஞ்சளாகச் செதில் படிவதைப் பார்த்திருப்பீர்கள், கருவில் இருந்தபோது வந்த ஹார்மோன்களின் தூண்டுதலுக்கு அதில் பங்கு உண்டு. பிறகு சுரப்பி தூங்கிவிடும், எட்டு ஒன்பது வயதுக்கு மேல் மெல்ல விழித்து, பதின்ம வயதில் ஆட்டம் போடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் சுரப்பு குறையும், ஆண்களுக்கு வயதான பிறகும் பெரிதாகக் குறையாது. வெப்பத்துக்கும் பங்கு உண்டு. தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் வெளியேறும் எண்ணெய் பத்து சதவீதம் போலக் கூடுகிறது என்று 1970 வாக்கில் பிரிட்டனில் அளந்து சொன்னார்கள். மே மாத வெயிலில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"உடம்புச் சூடு, அதனால்தான் தலையில் எண்ணெய் வடிகிறது, சனிக்கிழமை நல்லெண்ணெய் வை, குளிர்ந்துவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு வரும் அந்தத் தூக்கம் எனக்கும் பிடிக்கும், அதை நான் விடப்போவதில்லை. ஆனால் எண்ணெய் சுரப்பதைக் குறைப்பதற்காக எண்ணெய் வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதன் பெயர் மலசேசியா.

மலசேசியா நம் எல்லார் தலையிலும் குடியிருக்கும் பூஞ்சை. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ள அதற்கு வகையில்லை, ஆய்வகத்தில் வளர்க்கவே ஆலிவ் எண்ணெய் போன்ற ஏதாவது கொழுப்பைச் சேர்க்கிறார்கள். நம் சீபத்தில் இருக்கும் ட்ரைகிளிசரைடுகள் என்ற கொழுப்புகளை அது நொதியால் உடைத்து, தனக்குப் பிடித்த கொழுப்பு அமிலங்களைத் தின்றுவிட்டு, ஓலிக் அமிலம் போன்ற மற்றவற்றை அப்படியே விட்டுவைக்கும். இந்த மிச்சம் சிலருடைய தோலை உறுத்தும், தோல் அவசர அவசரமாகச் செல்களை உதிர்க்கும், அதுதான் பொடுகு. நல்லெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் ட்ரைகிளிசரைடுகள்தான், இரண்டிலும் ஓலிக் அமிலம் தாராளம். எண்ணெய் வழிகிற தலையில், அதுவும் பொடுகு இருக்கிற தலையில், ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகத்தான் முடியும். நுனி முடிக்கு வையுங்கள், தாராளமாக. அங்கே அது உராய்வைக் குறைக்கும்.

2021-இல் ஆசிய மக்களிடம் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அன்டார்க்டிகாவுக்குப் போன ஆராய்ச்சிக் குழுவினர் அங்கே தலைக்குக் குளிப்பது குறைந்ததும் அரிப்பும் செதிலும் கூடி, மலசேசியாவும் பல மடங்கு பெருகியது என்று அதில் இருக்கிறது. வாரம் ஐந்து ஆறு முறை கழுவியவர்கள்தான் தங்கள் தலையைப் பற்றி அதிகத் திருப்தியோடு இருந்தார்களாம். நடத்தியவர்கள் யார் தெரியுமா? பிராக்டர் அண்ட் கேம்பிள் ஆராய்ச்சியாளர்கள். ஷாம்பு விற்கிறவர் அடிக்கடி குளி என்று சொன்னால் யாருக்கும் ஒரு புன்னகை வரும். முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை, சுரப்பியைப் பற்றி மற்றபடி தெரிந்ததோடு அது பொருந்தித்தான் வருகிறது. என் ஆதங்கம் வேறு. போர்வெல் தண்ணீரில் சீயக்காய் எப்படி வேலை செய்கிறது, நல்லெண்ணெயை எடுக்க அரப்பு நல்லதா ஷாம்பு நல்லதா என்பதையெல்லாம் பெரிய அளவில், விற்பனை நோக்கம் இல்லாமல் ஆராய யார் பணம் தருவார்கள்? கடலூரிலிருந்து சாஷே ஷாம்பு கிளம்பி இந்தியாவின் குளியலறைகளையே மாற்றிய ஊர் நம்முடையது, இந்தக் கேள்விகளுக்குப் பொதுப் பணத்தில் ஒரு நல்ல ஆய்வு நடந்தால் குறைந்தா போய்விடும்?

கழுவுவதன் வேதியியல் பள்ளியில் படித்ததுதான்: ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். ஷாம்பு, சீயக்காயில் உள்ள சபோனின், எல்லாமே இதே தந்திரம். சீயக்காய் மென்மையாக எடுக்கும், அவ்வளவுதான். குளியல் சோப்பு மட்டும் வேண்டாம். கடினநீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து அது முடியில் திரிதிரியாகப் படியும், அதையும் எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து மறுபடி சோப்பு போடுவோம்.

ஆகவே தங்கைக்குச் சொல்வது இது. சாயங்காலம் பிசுபிசுத்தால் தினமும் தலைக்குக் குளிக்கலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமென்றால் அதுவும் சரி. மென்மையான ஷாம்புவை உள்ளங்கையில் தண்ணீரோடு குழைத்து விரல் நுனியால் வேர்ப்பகுதியில் மட்டும் தேயுங்கள், நகம் வேண்டாம். நுனிக்குத் தனியாக ஷாம்பு தேவையில்லை, அலசும்போது வழிவதே போதும். கண்டிஷனர் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும். டிரை ஷாம்பு அவசரத்துக்கு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் மாவு, அழுக்கை எடுக்காது, அடுத்த நாள் கழுவத்தான் வேண்டும். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். சுரப்பையே குறைக்கிறேன் என்று எந்த ஷாம்பு விளம்பரம் சொன்னாலும் நம்பாதீர்கள். சுரப்பியைச் சுருக்கும் ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை இருக்கிறது, அது கடுமையான முகப்பருவுக்கு மருத்துவர் பார்த்துக் கொடுப்பது, கர்ப்பத்தில் எடுத்தால் குழந்தைக்குக் குறைபாடு வரும் என்பதால் எண்ணெய்த் தலைக்காகத் தொடவே கூடாது.

அந்த அரிப்புக்கு, பூஞ்சையை அடக்கும் கீட்டோகொனசோல் ஷாம்பு வாரம் இரண்டு முறை, சில வாரங்களுக்கு. போட்டவுடன் அலசிவிட்டால் பயன் இல்லை, மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் இருக்க வேண்டும். அதோடு இன்னொன்று: திடீரென்று எண்ணெய் கூடி, மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போய், தாடையில் முடியும் முளைத்தால் ஷாம்புவை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அது பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள்.