குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025: என்ன மாறியது, யாருக்கு விலக்கு?

எல்லைப் பாதுகாப்பையும் குடியேற்றக் கண்காணிப்பையும் இறுக்கும் நோக்கத்தோடு 2025 மார்ச் 11 அன்று மக்களவையில் தாக்கலான குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் மசோதா, இரு அவைகளிலும் நிறைவேறி, ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, செப்டம்பர் 1 முதல் சட்டமாக நடைமுறையில் உள்ளது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட நான்கு தனித்தனிச் சட்டங்கள் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் இந்த ஒரே சட்டம் வந்துள்ளது.

செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்தால் 5 ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். போலி ஆவணத்தைப் பயன்படுத்தினாலோ தயாரித்துக் கொடுத்தாலோ தண்டனை கடுமையானது: குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை; அதோடு 1 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். விசாக் காலம் முடிந்த பிறகும் தங்கியிருப்பவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையோ 3 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவரும் விமான, கப்பல் நிறுவனங்களுக்கும் அபராதம் உண்டு.

இச்சட்டம் வெளிநாட்டினரை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. லாட்ஜ், விருந்தினர் இல்லம், ஹோம்ஸ்டே நடத்துவோர், தம்மிடம் வந்து தங்கும் வெளிநாட்டவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையவழியாக வெளிநாட்டினர் பதிவு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மாமல்லபுரத்தில் இரண்டு அறைகளை மட்டும் வாடகைக்கு விடுபவரானாலும் இக்கடமை அவருக்கும் உண்டு. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்வி நிறுவனங்களும் வெளிநாட்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளும் அவ்வாறே விவரம் தர வேண்டும்.

ஒருவரை நாட்டுக்குள் அனுமதிப்பதா, திருப்பி அனுப்புவதா என்பதில் குடியேற்ற அதிகாரியின் முடிவே இறுதியானது என்று சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இச்சட்டத்துக்குள் வழி வைக்கப்படவில்லை. அரசு அதிகாரியின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு தாக்கல் செய்யும் உரிமை இருக்கிறது என்றாலும், விமான நிலையத்தில் நிறுத்தப்பட்ட ஒருவருக்கு அது எளிதில் எட்டக்கூடியதன்று. தாம் வெளிநாட்டவர் அல்லர் என்பதை நிரூபிக்கும் பொறுப்பும், 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்ததைப் போலவே, சந்தேகத்துக்கு உள்ளானவர் மீதே விழுகிறது. வறியவர்களிடமும் அகதிகளிடமும் பெரும்பாலும் இல்லாதது ஆவணம்தான் என்பதால், இச்சட்டத்தில் மிகுந்த கவலை தரும் பகுதி இதுவே.

தமிழ்நாட்டு வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே உள்துறை அமைச்சகம் பிறப்பித்த விலக்கு ஆணையை. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள். 1983 முதல் வந்து மறுவாழ்வு முகாம்களில் வாழும் குடும்பங்களுக்கு இது உண்மையான ஆறுதல். ஆனால், இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது, 2022 மார்ச் முதல், தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டுகளில் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டவர்கள் 2015 ஜனவரி 9-க்குப் பின் வந்தவர்கள். அவர்களுக்கு இவ்விலக்கு பொருந்தாது.

விலக்கு என்பது குடியுரிமை அன்று என்பதையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். குடியுரிமையைத் தீர்மானிப்பது 1955-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். அதன்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் குடிமகனாவார். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்துள்ளது.

ஆகவே முகாமில் வாழ்வோரும் முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்வோரும் தம் பதிவுச் சான்று, முகாம் அடையாள அட்டை, இந்தியாவுக்கு வந்த தேதியைக் காட்டும் ஆவணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பெயரிலோ தேதியிலோ பிழை இருப்பின், விசாரணை வரும்வரை காத்திராமல் இப்போதே திருத்தக் கோரி எழுத்து மூலம் விண்ணப்பித்து, அதற்கான ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.