போனுக்குள்ள முள்ளு எங்க இருக்கு?

பாம்பன்ல எங்க மாமா நாட்டுப்படகுல பழைய முள்ளு காம்பஸ் ஒண்ணு இருக்கு, நான் மீன்பிடிக்கக் கூடப் போன அன்னைக்கு பந்தாவா போனை எடுத்து, பாட்டு ஓடிட்டு இருந்த ஸ்பீக்கர் மேலயே வச்சு காம்பஸ் ஆப்பைத் திறந்தேன். மாமா எட்டிப் பாத்துட்டு "வடக்கு எப்ப மாப்ள தலைமன்னாருக்குப் போச்சு"ன்னாரு, தலைமன்னார் எங்களுக்குக் கிழக்க இருக்கிற இலங்கைக் கரை. அதோட விடல, "ஆமா இதுக்குள்ள முள்ளு எங்கடா இருக்கு"ன்னு அடுத்த கேள்வி.

முள்ளே கிடையாது. சில போன்ல காந்தப்புலத்தை அளக்க ஹால் சென்சார்னு வேற வகை இருக்கும், சிலதுல இருக்கிறது வெறும் காந்தப் படலம். நிக்கல் 80 பங்கு, இரும்பு 20 பங்குன்னு கலந்த பெர்மலாய், முடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல மெல்லிசு. இவ்ளோ மெல்லிசா இருக்கும்போது காந்தத்தோட திசை படலத்தோட தளத்துலயே படுத்துக்கும், மேல நிமிர அதுக்கு எனர்ஜி ஜாஸ்தி வேணும். படுத்தபடியே வெளிய இருக்கிற காந்தப்புலத்துக்கு ஏத்த மாதிரி திரும்பும், கரண்ட் ஓடுற திசையும் காந்தத்தோட திசையும் ஒண்ணா இருந்தா ரெசிஸ்டன்ஸ் கூடும், குறுக்க இருந்தா குறையும். வித்தியாசம் 2, 3 சதவீதம்தான், ஆனா அளக்க அது போதும். இதை 1857லயே கெல்வின் பிரபு கண்டுபிடிச்சிட்டாரு, அப்ப அவருக்கு லார்டு பட்டம்கூட கிடையாது, வெறும் வில்லியம் தாம்சன்.

ஒரு லேயருக்கே இப்படின்னா, அடுக்கடுக்கா வச்சா என்னாகும்? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். இரும்பு, குரோமியம், இரும்பு, குரோமியம்னு மாத்தி மாத்திப் பூசணும். நடுவுல இருக்கிற குரோமியம் 0.9 நானோமீட்டர், அதாவது ஆறேழு அணு கனம் இருந்தா ரெண்டு பக்க இரும்போட காந்தமும் பங்காளிச் சண்டை மாதிரி எதிரெதிர் திசைல திரும்பி நிக்கும். குரோமியத்தைக் கொஞ்சம் கனமாக்குனா ரெண்டும் ராசியாகிரும், இன்னும் கனமாக்குனா மறுபடி முறைச்சுக்கும், அலை மாதிரி இப்படி மாறிட்டே போகும். அதனால கனத்தை வச்சே காந்தத்தை ஆட்டுவிக்கலாம்.

இதுல கரண்ட் விட்டா என்னாகும்? கரண்டா ஓடுற எலக்ட்ரானுக்கு ஸ்பின்னுன்னு ஒரு குணம் இருக்கு, ரெண்டு ஜாதின்னு வச்சுக்கங்க. ஆடி அமாவாசை அன்னைக்கு ராமேஸ்வரம் பிரகாரத்துல கூட்டம் நீங்க போற பக்கமே போனா சரசரன்னு போயிருவீங்க, அடுத்த பிரகாரத்துல எதிர்க்க வந்தா இடிபட்டு நிப்பீங்க இல்லையா, அதேதான். எல்லா லேயரும் ஒரே திசைல இருந்தா ஒரு ஜாதி எலக்ட்ரான் கடைசி வரைக்கும் தடையில்லாம ஓடிரும், மாறி மாறி இருந்தா ரெண்டு ஜாதியும் எங்கயாவது மாட்டிக்கும். வெளிய இருந்து பெரிய காந்தத்தைக் காட்டி எல்லாத்தையும் ஒரே பக்கம் திருப்புனா ரெசிஸ்டன்ஸ் கடகடன்னு விழும். 1988ல பிரான்ஸ்ல ஆல்பர்ட் ஃபெர்ட் குழு கடுங்குளிர்ல பாத்தப்ப கிட்டத்தட்ட பாதியா விழுந்துச்சு. ஜெர்மனில பீட்டர் க்ரூன்பெர்க் தனியா இதையே பாத்தாரு. 1997ல ஹார்டு டிஸ்க்கைப் படிக்கிற ஹெட்டுக்குள்ள வந்துருச்சு, 2007ல ரெண்டு பேருக்கும் நோபல்.

பூசுறது எப்படின்னா, காத்தை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள்ள ஆர்கான் அயனியை வேகமா உலோகத் தகட்டுல மோத விடுவாங்க, ஈர மணல்ல கல்லெறிஞ்சா தெறிக்குமே அப்படி அணு தெறிச்சு எதிர்ல இருக்கிற சில்லுல படியும். மேல டான்டலம் மாதிரி ஒரு உலோக மூடி போடுவாங்க, இல்லைன்னா இரும்பு துருப்பிடிச்சிரும். நம்ம உப்புக்காத்துல ஆணியே தங்காது, நாலஞ்சு நானோமீட்டரா தங்கப்போகுது!

சரி, வடக்கு ஏன் தலைமன்னாருக்குப் போச்சு? நம்ம பக்கம் பூமியோட காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, காந்த நடுக்கோடு தென்கோடிப் பக்கமே போறதால கிட்டத்தட்ட கடலுக்குச் சமமா படுத்தே இருக்கும், காம்பஸுக்கு நல்ல தோது. ஆனா ஸ்பீக்கர் காந்தம் பக்கத்துல வந்தா அதை அப்படியே முழுங்கிரும். போனை எட்டு போட்டு சுத்தச் சொல்லி ஆப் கேக்குதே, அது போனுக்குள்ளயே இருக்கிற காந்தத்தைக் கழிக்கத்தான், ஏன்னா அது போன் கூடவே திரும்பும். வெளிய இருக்கிற ஸ்பீக்கர் திரும்பாதே! நான் மூணு நாலு எட்டு போட்டும் வேலைக்காகல, கடைசில மாமாதான் ஸ்பீக்கரைத் தூக்கி படகோட முன்பக்கம், அணியத்துல வச்சாரு.