வேலை எப்போது முடியும்? ஏஐ கணிக்கும் விதம்

இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம், ராஜர் பியூலர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும், "எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரிப் பதில் ஏறக்குறைய 34 நாள். "எல்லாமே தலைகீழாகப் போனால்?" என்று கேட்டதற்கு ஏறக்குறைய 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். 1994இல் வெளியான இந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 49தான் கண்முன் நிற்கும். மோசமானதைக் கற்பனை செய்யச் சொல்லிக் கேட்டும், நடந்தது அதையும் தாண்டிவிட்டது.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இதற்குத் 'திட்டமிடல் பிழை' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாம் வேலையை உள்ளிருந்து பார்க்கிறோம். முதலில் இது, அப்புறம் அது என்று மனதுக்குள் கதையாக ஓட்டுகிறோம். அந்தக் கதையில் யாருக்கும் காய்ச்சல் வராது, ஒப்புதல் தர வேண்டியவர் லீவில் போகமாட்டார். இதற்கு அவர்கள் சொன்ன மருந்து, இதே மாதிரி வேலைகள் முன்பு எவ்வளவு காலம் எடுத்தன என்று வெளியிலிருந்து பார்ப்பது. பெரிய திட்டங்களை ஆராயும் பென்ட் ஃப்ளூபியர்க் 2004இல் பிரிட்டனின் போக்குவரத்துத் துறைக்கு வகுத்துக் கொடுத்த முறையும் இதுதான். பழைய சாலை, ரயில் திட்டங்களின் செலவு எவ்வளவு எகிறியது என்று பார்த்து, புதிய மதிப்பீட்டையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும்.

ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு செய்துதருவதில் உருப்படியானது இந்த வெளிப்பார்வைதான் என்பது என் எண்ணம்.

அது நடக்கும் விதம் இப்படி. ஒரு டீம் ஐந்தாறு வருடமாகத் தன் வேலைகளை ஒரு மென்பொருளில் டிக்கெட்டாக, அதாவது ஒரு வேலைக்கு ஒரு பதிவாக, போட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முடிந்த ஒவ்வொரு டிக்கெட்டும் அட்டவணையில் ஒரு வரிசை. எத்தனை முறை கை மாறியது, தொடங்கிய பிறகு விவரம் எத்தனை தடவை திருத்தப்பட்டது, வேறு டீமின் பதிலுக்காகக் காத்திருந்ததா, கடைசியில் எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் அதில் இருக்கும். இயந்திரம் கேள்வி கேட்டுக் கேட்டு இந்த வரிசைகளைப் பிரிக்கிறது. இரண்டு தடவைக்கு மேல் கை மாறியதா? மாறியவற்றில் வெளி டீமுக்காகக் காத்திருந்தவை எவை? கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஏறக்குறைய ஒரே அளவு நாள் எடுத்த வேலைகள் வந்து சேர்கின்றன. இப்படிக் கிளைவிடும் கேள்விகளின் தொகுப்புக்கு மரம் என்று பெயர். ஒரு மரம் தப்பாகக் கணித்த மிச்சத்தை அடுத்த மரம் சரிசெய்யும், அதன் மிச்சத்தை அதற்கடுத்தது. அட்டவணைத் தகவல்களில் பரவலாகப் பயன்படும் ஒரு முறை இது. நூற்றுக்கணக்கான சிறு மரங்களின் கூட்டுத்தொகைதான் கணிப்பு. அந்த வேலை எதற்கானது என்பதே இயந்திரத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. அதன் மேல் ஆசை இல்லாததால்தான் அதனால் நிதானமாகக் கணிக்க முடிகிறது.

சரி, தனித்தனி வேலைகளின் நாட்களைக் கூட்டினால் முழு ப்ராஜெக்டின் தேதி வந்துவிடாதா? வராது. நம் மனக்கணக்கு அதிகமாக வழுக்கும் இடம் இதுதான். நான்கு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன; நான்கும் முடிந்தால்தான் அடுத்த கட்டம். ஒவ்வொன்றும் தேதிக்குள் முடிய 80 சதவீத வாய்ப்பு. கேட்கத் தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், நான்குமே தேதிக்குள் முடிய இருக்கும் வாய்ப்பு 0.8ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது, அதாவது 41 சதவீதம். ஒவ்வொருவரும் நம்பிக்கையோடு தலையாட்டிய மீட்டிங்கில், மொத்தத் திட்டம் தாமதமாகவே அதிக வாய்ப்பு!

1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறை, ஒவ்வொரு வேலைக்கும் மூன்று மதிப்பீடு கேட்டது: நல்லபடியாகப் போனால், வழக்கம்போல் போனால், மோசமாகப் போனால். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைகளின் பாதைகளில் மிக நீளமான ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டதால், பாதைகள் சந்திக்கும் இடத்தில் சேரும் தாமதம் அதற்குச் சரியாகப் பிடிபடவில்லை. இப்போது கணினி முழு ப்ராஜெக்டையும் பத்தாயிரம் தடவை பாவனையாக ஓட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொரு வேலைக்கும் குலுக்கல் மாதிரி ஒரு நாள் எண்ணிக்கையை எடுக்கும். கணித அறிஞர்கள் ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் ஃபான் நாய்மனும் 1940களில் உருவாக்கிய மான்டி கார்லோ முறை இது. குலுக்கல் பழசு, குலுக்கலில் போடும் சீட்டுகளை மனிதரின் ஊகத்துக்குப் பதில் பழைய பதிவுகளிலிருந்து எழுதுவதுதான் புதுசு. பதில் ஒற்றைத் தேதியாக வராது. "20ஆம் தேதிக்குள் முடியப் பாதி வாய்ப்பு, அடுத்த மாதம் 8க்குள் என்றால் 85 சதவீதம்" என்று வரும். அதை அப்படியே வாடிக்கையாளர் முன் வைக்கத் துணிச்சல் வேண்டும். பல மேனேஜர்கள் முதல் தேதியை மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். அங்கேயே கணிப்பு வீணாகிவிடுகிறது.

சாட்ஜிபிடி போல எழுதித் தரும் மொழி மாதிரிகள் வேறு ரகம். மீட்டிங் மினிட்ஸ், வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், ஃபாலோ அப் மெயில் என மேனேஜரின் நேரத்தைத் தின்னும் எழுத்து வேலையை அவை நன்றாகவே குறைக்கின்றன. ஓர் இடத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். அடுத்து வரப் பொருத்தமான சொல் எது என்று கணித்தே அவை எழுதுகின்றன. "பொறுப்பு", "தேதி" என்று கட்டம் போட்ட மினிட்ஸில் பொருத்தமாகப் படுவது ஒரு பெயரும் ஒரு தேதியும்தான், வெற்றிடம் இல்லை. மீட்டிங்கில் யாருமே ஏற்றுக்கொள்ளாத வேலைக்கு, அதைப் பற்றி அதிகம் பேசியவர் பெயர் வந்து உட்கார்ந்துவிடலாம். அனுப்புவதற்கு முன் அந்த இரண்டு கட்டங்களையும் நான் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பேன்.

கணிக்கும் இயந்திரத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு, அதை யோசிப்பவர்கள் குறைவு. ஒரு வேலை இரண்டு வாரம் தாமதமாகும் என்று அது எச்சரிக்கிறது. மேனேஜர் பதறி, அனுபவசாலி ஒருவரை அதில் போடுகிறார். வேலை தேதிக்கு முடிகிறது. பதிவில் இருப்பதோ, தாமத அறிகுறிகள் கொண்ட ஒரு வேலை சொன்ன நேரத்தில் முடிந்தது என்பது மட்டும். அடுத்த முறை கற்கும்போது, இந்த அறிகுறிகளுக்குப் பயப்பட வேண்டாம் என்று இயந்திரம் கற்றுக்கொள்கிறது. ஆள் போட்டதையும் யாராவது பதிவு செய்தால் ஒழிய, காப்பாற்றிய கணிப்பே தப்பான பாடமாகிவிடும்.

பதிவே பொய்யாக இருந்தால்? முன்பு நான் பார்த்த ஒரு ப்ராஜெக்டில் ஒரு பகுதி ஐந்து வாரம் தொடர்ந்து "90 சதவீதம்" என்றே வந்தது. ஆறாவது வாரம் அதைச் செய்துகொண்டிருந்த தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, எதில் நிற்கிறது என்று கேட்டேன். வெளியிலிருந்து வர வேண்டிய ஒரு கோப்பு வரவேயில்லை. "ஏன் சொல்லல?" என்றேன். இதே மாதிரி முன்பு சொன்ன ஒருவர் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியதை அவர் பார்த்திருந்தார். அந்த ஐந்து வாரமும் பதிவில் 90 என்றுதான் இருக்கிறது. அவருடைய பயம் எந்தக் கட்டத்திலும் இல்லை. எந்த மரமும் அதைக் கேள்வியாகக் கேட்க முடியாது.

இப்போது எங்கள் டீமில் ஒரு தேதி நகர்ந்தால், ஏன் என்று டிக்கெட்டிலேயே ஒரு வரி எழுதுகிறோம். யாரையாவது கூடுதலாகப் போட்டால் அதற்கும் ஒரு வரி. அந்த வரிகளைச் சம்பள உயர்வுப் பேச்சில் யாரும் எடுக்கக் கூடாது என்று தொடங்கும்போதே பேசி வைத்தோம். முதல் மாதம் "வேலைப் பளு", "வேலைப் பளு" என்றே வந்தது. மூன்றாவது மாதம் ஒருவர், "எனக்கு இது புரியவில்லை, கேட்கக் கூச்சமாக இருந்தது" என்று எழுதியிருந்தார்.